போடு என்று சொன்னவள்

ஒட்டனூர்த் துறையில் பரிசல் தள்ளுகிற ராமக்காவுக்குக் கைதான் முதலில் பேசும். வாய் அப்புறம். அவளைத் தெரிந்த எல்லோரும் சொல்வது இது. அவளும் மறுப்பதில்லை.

மேட்டூர் அணையின் தண்ணீர் பின்னால் ஏறி வந்து தேங்கி நிற்கிற இடம் அது. இந்தக் கரை தருமபுரி, அந்தக் கரை சேலம். அணை நிரம்பிவிட்டால் நடுவில் கடல் மாதிரி அலையடிக்கும். ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் பொழுது போய்விடும் என்பதால் ஆடு, சைக்கிள், கல்யாணச் சீர்வரிசை எல்லாம் பரிசலில்தான் அக்கரை போகும்.

அவள் புருஷன் சின்னராஜ் மீன் பிடித்தவன். அணை வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு வருடம், வேறு வழியில்லாமல் லாரிக்கு கிளீனராகப் போனான். தொப்பூர் இறக்கத்தில், பிரேக் பிடிக்காத இன்னொரு லாரி பின்னால் வந்து ஏறியது. முன்னால் நின்ற டேங்கருக்கும் அதற்கும் நடுவில் அவன் இருந்த கேபின் அப்பளமாகிவிட்டது. தகரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். முகம் இல்லை. கெண்டைக்காலில் வலை முள் கிழித்த பழைய தழும்பைப் பார்த்து, "ஆமாங்க, அவருதான்" என்றாள் ராமக்கா.

காரியம் முடிந்ததும் அவனுடைய பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு துறைக்கு வந்தாள். பொம்பளை துடுப்புப் பிடித்தால் துறைக்கு ஆகாது என்று ஒருவன் சொன்னான். அவள் காதில் வாங்காமல் பரிசலைத் தண்ணீரில் இறக்க, அவன் பின்னால் வந்து கூந்தலைப் பிடித்து இழுத்தான். திரும்பினாள். துடுப்பும் கூடவே திரும்பியது. முன்பல் இரண்டும் மணலில் விழுந்தன. அதற்குப் பிறகு துறைக்கு எது ஆகும், எது ஆகாது என்று யாரும் அவளிடம் பேசவில்லை.

முருகேஷ் அவளுடைய கொழுந்தன், சின்னராஜின் தம்பி. ஒரே வாசலில் எதிரெதிர் வீடு. கல் குவாரியில் குழி போடுகிற வேலை அவனுக்கு. பாறைக்கு வைக்கிற தோட்டாவில் ஒன்றிரண்டை இடுப்பில் செருகிக்கொண்டு வருவான். திரியைக் கொளுத்தித் தண்ணீரில் போட்டால் ஒரே வெடியில் ஒரு வலை மீன் மேலே மிதக்கும். மிதப்பதைவிட அதிகமாக அடியில் செத்துப் புதையும். குஞ்சு, முட்டை எதுவும் தப்பாது. இது தெரியாதவர்கள் அந்தக் கரையிலும் இல்லை, இந்தக் கரையிலும் இல்லை. பிடிக்கிறவனைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

போன வருடம் அவன் வீட்டில் கட்டிலுக்கு அடியில், அவன் பெண்குழந்தை படுத்திருந்த பாய்க்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கில் தோட்டா இருந்ததை ராமக்கா பார்த்தாள். சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் வீசினாள். முருகேஷ் ஓடிவந்து அவளைச் சுவரோடு வைத்து அறைந்தான். அவள் அவன் புஜத்தைக் கடித்தாள். கறி பிய்ந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

கோகிலவாணி வந்தது இந்தப் புரட்டாசியில். ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கிற செல்லி ராமக்காவுக்குச் சித்தி மகள். அவளிடம் விசாரித்துப் போன் செய்துவிட்டுத்தான் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சென்னையில் பேங்க் வேலையை விட்டவர். கோவளத்துக் கடலில் கயாக் என்கிற ஒடிசலான படகில் தனியாகப் போய் வஞ்சிரமும் பாறை மீனும் பிடிப்பவர். சுறா ஒன்று தூண்டிலோடு படகை இழுத்துக்கொண்டு போன கதையை, ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட கதை மாதிரி சொன்னார். கார் தலையில் கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் கயாக்கில் இரண்டு பேர் உட்காரலாம்.

"ஆத்து வாளை வேணும் எனக்கு. பெரிசா. அது எங்க கெடக்கும்னு உங்களுக்குத் தெரியும்னு செல்லி சொன்னாங்க."

"கெடக்கற எடம் தெரியுங்க மேடம். ஆனா இது என்னாங்க, பன்னிக்குத் தண்ணி வெக்கற தொட்டியாட்டம் இருக்குது. இதுலயா போறது?"

"கவுறாது. கவுந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிடலாம். நீங்க முன்னாடி ஒக்காந்து வழி சொல்லுங்க."

ராமக்கா நம்பவில்லை. தன்னுடைய பரிசல் துடுப்பையும் எடுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டாள். கோகிலவாணி ஒரு மிதவைச் சட்டையை நீட்டினார். "எனக்கு நீச்சல் தெரியும்ங்க" என்றாள். "எனக்கும் தெரியும், போடுங்க" என்றார் அவர். போட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கர்நாடகத்தில் திறந்துவிட்ட செந்தண்ணீர் வந்து சேர்ந்து அணை விளிம்பு தட்டி நின்றது. அணை கட்டியபோது முங்கிப்போன பழைய ஊர் ஒன்று அடியில் இருக்கிறது. அதன் கற்சுவர் இடுக்குகளில்தான் வாளை பதுங்கியிருக்கும். கரையில் இருக்கிற ஒற்றைப் பனையையும் எதிர்க்கரையில் இருக்கிற கரட்டுக் குன்றையும் பார்த்து ராமக்கா இடம் சொன்னாள். கோகிலவாணி துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ரப்பரில் செய்த பொய்மீனை எறிந்தார். இழுப்பார், நிறுத்துவார், இழுப்பார். பேச்சே இல்லை. ராமக்காவுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது.

வாளை அடித்தபோது கயாக் ஒருமுறை முக்கால் வட்டம் சுற்றியது. தூண்டில் கழி வில்லாக வளைந்தது. மீன் கல்லுக்குள் போய்ச் சொருகப் பார்த்தது. கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு கழியைத் தொடையில் முட்டுக்கொடுத்து இழுத்தார். "இடது பக்கம், இடது பக்கம்" என்று அவர் சொல்ல, ராமக்கா துடுப்பால் படகைத் திருப்பினாள். படகை அது கொஞ்சதூரம் இழுத்துக்கொண்டே போனது. வெகுநேரம் கழித்து வெள்ளை வயிறு தெரிந்தது. ஆள் நீளம் இல்லாவிட்டாலும் ஒரு பத்துவயதுப் பிள்ளை நீளம். பக்கத்தில் வந்ததும் கோகிலவாணி வாய்க்குள் இடுக்கியைப் போடக் குனிந்தார். மீன் உடம்பை முறுக்கி அவர் முழங்கைக்குக் கீழே கவ்வியது. ரம்பம் மாதிரி பல். தோல் கிழிந்து ரத்தம் கயாக்கின் மஞ்சளில் ஓடியது. அவர் கையை உதறவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு மற்றக் கையால் தாடையை விலக்கினார்.

ராமக்கா துடுப்பை எடுத்து மீனின் மண்டையில் இரண்டு போடு போட்டாள். அது விறைத்து அடங்கியது.

"அய்யோ, ஏங்க அடிச்சீங்க? போட்டோ எடுத்துட்டு விட்டுடலாம்னு இருந்தேன்."

"வுடறதுக்கா? வுடறதுக்கா இத்தன சண்ட போட்டீங்க?"

கோகிலவாணி மீனைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கைக்குட்டையால் காயத்தைக் கட்டிக்கொண்டு, "சரி, கொழம்பு வெக்கலாம்" என்றார்.

அப்போதுதான் வெடித்தது.

சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் படகின் அடித்தட்டு வழியாக இடுப்பில் குத்தியது. தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த கல்முனைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஒரு பனை உயரம் எழும்பி விழுந்தது. சற்றுநேரத்தில் அவர்கள் பக்கமே மீன்கள் மிதந்து வந்தன. கெண்டை, ஜிலேபி, விரல் நீளக் குஞ்சுகள். சிலவற்றுக்குக் கண் பிதுங்கியிருந்தது. சில இன்னும் வாயைத் திறந்து மூடின.

கல்முனையைச் சுற்றி ஒரு பரிசல் வந்தது. துடுப்புப் போட்டவன் மாதேஸ், முருகேஷோடு குவாரியில் வேலை பார்க்கிறவன். நின்றுகொண்டு கைவலையால் மீனை அள்ளியவன் முருகேஷ். வாயில் பீடி. காலுக்கு அடியில் சாக்கு.

கோகிலவாணியின் கழுத்தில் தண்ணீர் புகாத உறையில் போன் தொங்கியது. அதை எடுத்துப் படம் பிடித்தார். முருகேஷ் பார்த்துவிட்டான்.

"அண்ணி, யாரு அது? போன கீழ போடச் சொல்லு."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"போட மாட்டாங்க. வந்த வழியே போ."

"படம் புடிச்சா நான் உள்ள போவணும். தெரியுமில்ல? போன இப்படி வாங்கிக் குடு. பிரச்சனை வேணாம்."

"பிரச்சனைய நீதான்டா சாக்குல கட்டிக்கிட்டுத் திரியற."

பரிசல் வந்து கயாக்கில் இடித்தது. முருகேஷ் கையை நீட்டிப் போன் கயிற்றைப் பிடித்தான். கோகிலவாணி விடவில்லை. அவன் வலைக் கம்பைத் திருப்பி அவர் முகத்தில் குத்தினான். மூக்கெலும்பு முறிகிற சத்தம் ராமக்காவுக்குக் கேட்டது. வாயெல்லாம் ரத்தமாக அவர் பின்னால் சாய்ந்தார். ஆனாலும் போனோடு கயிறு இன்னும் அவர் பிடியிலேயே இருந்தது.

ராமக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே துடுப்பைச் சுழற்றினாள். அது முருகேஷின் காதோடு சேர்த்து விழுந்தது. அவன் பரிசலுக்குள் மீன்கள் மேல் விழுந்தான். மாதேஸ், "போலாம் மாமா, வுட்டுடு, போலாம்" என்று பரிசலைத் தள்ளிக் கொஞ்சம் விலக்கினான். முருகேஷ் எழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் சாக்கில் கையை விட்டு மிச்சமிருந்த ஒரே தோட்டாவை எடுத்தான். பீடியைத் திரியில் வைத்தான்.

"மாமா, வேணாம்" என்று மாதேஸ் கத்தினான்.

திரி சீறியது. தண்ணீரைத் தொட்டதுமே வெடிக்க வேண்டும் என்று அவர்கள் திரியைக் கட்டையாகத்தான் வைப்பார்கள். ராமக்கா அவன் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். சின்னராஜின் அதே நெற்றி, அதே புருவம். அவளுக்குப் பயம் வரவில்லை. வந்தது ஆத்திரம்தான்.

"போடுடா. உங்க அண்ணன் பேரச் சொல்லிட்டுப் போடு."

அவன் கை பின்னால் போனது. அங்கேயே நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். வாய் எதையோ சொல்லத் திறந்தது.

கையிலேயே வெடித்தது.

கயாக் கவிழ்ந்து இருவரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். ராமக்கா மேலே வந்தபோது உலகத்தில் சத்தமே இல்லை. பரிசலின் ஒரு பக்கம் பிய்ந்து, மூங்கில் பத்தைகள் விரல் மாதிரி விரிந்து நின்றன. மாதேஸ் தூரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். கோகிலவாணி கவிழ்ந்த கயாக்கின் மேல் குறுக்கே விழுந்து, மறுபக்கத்து விளிம்பைப் பிடித்துத் தன் எடையைப் பின்னால் போட்டார். படகு நிமிர்ந்தது. உடைந்த மூக்கோடு வயிற்றால் ஊர்ந்து ஏறி உட்கார்ந்தார். கடலில் அவர் எத்தனையோ தடவை செய்த வேலை அது. கை தானாகச் செய்தது.

முருகேஷ் முங்கிக்கொண்டிருந்தான். ராமக்கா நீந்திப் போய் முடியைப் பிடித்தாள். திருப்பியபோது வலது கை மணிக்கட்டுக்கு மேலே இல்லை. முகத்தில் ஒரு பக்கம் கருகிக் கொப்புளித்திருந்தது. அவன் வாயிலிருந்து வந்தது அழுகையா அலறலா என்று அவளுக்குக் கேட்கவில்லை, வாய் திறந்திருப்பது மட்டும் தெரிந்தது. இழுத்துக்கொண்டு வந்து அவனைக் கயாக்கின் நடுவில் குறுக்காகப் போட்டார்கள். கோகிலவாணி தன் மிதவைச் சட்டையின் பட்டையை உருவி அவன் முழங்கைக்குக் கீழே சுற்றினார். மீன் இடுக்கியை அதற்குள் விட்டு முறுக்கினார். ரத்தம் பீய்ச்சுவது நின்று, சொட்டாக மாறியது.

"புடிச்சுக்கறேன். நீங்க போடுங்க" என்று சைகை காட்டினார்.

ராமக்கா மிதந்து கிடந்த துடுப்பை எடுத்துப் போட்டாள். மாதேஸ் பின்பக்கத்தைப் பிடித்துக் காலால் உதைத்து வந்தான். பாதி வழியில் முருகேஷுக்கு வலி முழுதாக உறைத்திருக்க வேண்டும். திமிறினான். வாய்க்கு எட்டியது ராமக்காவின் தொடை. சேலையோடு சேர்த்துக் கடித்தான். அவள் அவனைத் தள்ளவில்லை, துடுப்பையும் நிறுத்தவில்லை. அவன் கண் செருகும்போது மட்டும் இடதுகையால் அறைந்தாள். "தூங்காத. தூங்குனா கொன்னுடுவேன்."

கோகிலவாணிதான் காரையும் ஓட்டினார். பென்னாகரத்தில் கட்டுப்போட்டு, அங்கிருந்து ஆம்புலன்சில் தருமபுரிக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது. கையும் ஒரு கண்ணும் போயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ராமக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது மாமியார் மாதம்மாள் வந்தாள். மாதேஸ் அதற்குள் எல்லாவற்றையும் ஊரில் சொல்லியிருந்தான். மாதம்மாள் செருப்பைக் கழற்றி மருமகளின் தலையிலும் தோளிலும் அடித்தாள். ராமக்கா கையைத் தூக்கவில்லை. அவள் வாழ்க்கையில் திருப்பி அடிக்காத அடி அது ஒன்றுதான்.

"மூத்தவன லாரிக்குக் குடுத்தேன். இவனையும் நீ முடிக்கப் பாத்தியாடி? எவடி அவனப் போடுன்னு சொன்னது?"

"நான்தான் சொன்னேன் அத்த."

"நீ அந்தப் பேச்சுப் பேசலன்னா அவன் தூக்கிப் போட்டிருப்பான். கை இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். நாங்க இருந்திருக்க மாட்டோம்."

மாதம்மாள் அடிப்பதை நிறுத்திவிட்டு அவளுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

போலீஸ் வந்தது. கோகிலவாணி மூக்கில் பஞ்சோடு புகார் எழுதிக் கொடுத்தார், போனில் இருந்த படத்தையும் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ராமக்காவிடம் கேட்டார். "போட வந்தான். கொளுத்துனான். போடல. கையிலயே வெடிச்சிருச்சு" என்றாள். "நான் போடுன்னு சொன்னேன்" என்றும் சொன்னாள்.

"அத ஏம்மா சொல்ற? கேஸுக்கு அது வேணாம்."

"நடந்தது அதுங்க. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்.

ஊர் அவளோடு பேசவில்லை. வெளியூர்க்காரிக்காகச் சொந்தக் கொழுந்தனைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். அந்த வாரத்திலேயே ஒருநாள் பட்டப்பகலில் துறையிலிருந்து, பரிசலுக்குப் பூசுகிற தார் எரிகிற கரும்புகை எழுந்தது. ராமக்கா ஓடிப்போனபோது பரிசல் பாதி எரிந்திருந்தது. தண்ணீர் ஊற்ற ஒருவரும் அசையவில்லை. அவள் தெருவுக்கு வந்தாள். "கொளுத்துனவன் வெளிய வா" என்றாள். கதவுகள் சாத்தியிருந்தன. முதல் விளக்குக் கம்பத்தைத் துடுப்பால் அடித்தாள். அடுத்த கம்பத்துக்குப் போனாள். தெரு முடியும் வரைக்கும் அடித்துக்கொண்டே போனாள். கடைசிக் கம்பத்தில் துடுப்பு நெடுக்காகப் பிளந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. பரிசலைக் கொளுத்தியது யாரென்று இன்றுவரை தெரியாது.

செல்லி ஒகேனக்கல்லிலிருந்து ஒரு பழைய பைபர் பரிசலை டெம்போவில் ஏற்றி அனுப்பினாள். முதல் சில நாள் யாரும் ஏறவில்லை. பிறகு ஒருநாள் பிரசவ வலி வந்த பெண்ணை அக்கரையில் காத்திருந்த தாய்வீட்டு வண்டியில் சேர்க்க வேண்டியிருந்தது. யாரும் கூப்பிடாமலே ராமக்கா போய் நின்றாள். அதற்கப்புறம் ஒவ்வொருவராக ஏறினார்கள், முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டு.

முருகேஷ் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்குப் போய், ஜாமீனில் வந்தான். அவன் மனைவி ரேவதியின் அம்மா வீடு அக்கரையில். தை மாதம் ஒரு காலையில் ரேவதியும் அவனும் துறைக்கு வந்தார்கள். ரேவதி ஏறி உட்கார்ந்தாள். அவன் கொஞ்சநேரம் நின்றுவிட்டு ஏறினான். வலது சட்டைக்கை மடித்துக் குத்தியிருந்தது. பரிசல் நடுத்தண்ணீருக்கு வந்தது.

"கைய எடுத்தீங்களா அன்னிக்கி?" என்று கேட்டான்.

"இல்ல. தண்ணிக்குள்ள போயிடுச்சு."

"தேடலையா?"

"உன்னத் தூக்கறதா, கையத் தேடறதா?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "மீனு தின்னிருக்கும்."

"தின்னிருக்கும்" என்றாள் ராமக்கா.

ரேவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். கரை வந்ததும் முருகேஷ் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் மேடேறிப் போனான். ஆனால் திரும்பிப் போவதற்கு அவளுடைய பரிசலுக்காகத்தான் சாயங்காலம் வந்து காத்திருந்தான். அண்ணன் பேரைச் சொல்லத்தான் அன்று வாயைத் திறந்தானா என்று அவளும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள், வேறு வேறு சீட்டில்.

கோகிலவாணி மறுபடியும் வந்தார். மூக்கு கொஞ்சம் இடதுபக்கம் கோணியிருக்கிறது. மாசியில் இரண்டு நாள் தங்கி, ஒரு வாளையும் அகப்படாமல், மூன்று கெண்டையைப் பிடித்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போனார். விடும்போது ராமக்காவின் துடுப்பைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் சொல்லித் தூண்டில் போடுகிறவர்கள் இப்போது மாதத்தில் ஓரிருவர் ராமக்காவைத் தேடி வருகிறார்கள்.

தோட்டா போடுவது நின்றுவிடவில்லை. முருகேஷ் இல்லாவிட்டால் இன்னொருவன். வெடிச் சத்தம் கேட்டால், ஆள் ஏறியிருந்தாலும் சரி, ராமக்கா பரிசலை அந்தப் பக்கம் திருப்பிவிடுவாள். பரிசலுக்குள் அவள் காலடியில் கரட்டிலிருந்து பொறுக்கிய கைக்கு அடக்கமான கற்கள் ஒரு கூடை கிடக்கின்றன. குறி தவறமாட்டாள். போன வாரம் தோட்டா போட்ட ஒருவனுக்கு நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். சந்தைக்குப் போக ஏறியிருந்த கிழவர் ஒருவர், "ஏம்மா, எங்கள அக்கரையில வுட்டுட்டு வந்து அடிக்கக் கூடாதா?" என்று கேட்டாராம்.

"குனிஞ்சு ஒக்காருங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்திருக்கிறாள்.